குளிர்த்திக்கு முதல் நாள் பவளம் சொன்ன வாக்கு

வாவிக்கரை இறால் கொம்பனியில இப்ப குளிரறைக்குப் பொறுப்பா இருக்கிறது ரமணி எண்ட பிள்ளை. நான் வேலையை விட்டு வரக்குள்ள இறால் உரிக்கிற மேசையில நிண்டவள். போன மாசம் போன் எடுத்தாள். "ஐயா, புதுசா வந்த ஆக்களுக்குக் குளிரைப் பற்றி நாலு வரி எழுதித் தாங்க. கதவுக்கெல்லாம் அலாரம் பூட்டியாச்சு, உள்ள ஆள் நிண்டா வெளிய லைட் எரியும். அந்தத் தைரியத்தில இதுகள் தேத்தண்ணியும் குடிக்காம உள்ள போகுதுகள். நான் சொன்னா எடுபடுதில்ல" எண்டாள்.

சரி எண்டு பேப்பரை எடுத்து வச்சன். நாலு வரியில அடங்குற சாமானா அது? எழுத எழுதப் பவளம்தான் வந்து முன்னால நிக்கிறாள். பவளம் என்ட பொஞ்சாதி. அவள் இல்லாத ரெண்டாவது வைகாசி இது. ரமணி கேட்ட நாலு வரி இதுக்குள்ள எங்கேயாவது கிடக்கும், தேடி எடுத்துக்கொள்ளட்டும்.

எங்கட மட்டக்களப்பில குளிர் எண்டா நல்ல சொல்லு. சோறு போட்டவளை "வயிறு குளிர்ந்து போச்சு புள்ள" எண்டு வாழ்த்துவம். வைகாசி பிறந்தாக் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி. மதுரையை எரிச்சுப்போட்டு எரிஞ்சுகொண்டு வந்த தாயை ஆத்திக் குளிரப் பண்ணுற சடங்கு அது. வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில பிறந்தவனுக்குக் குளிர் வரம்தானே. அது ஆளைக் கொல்லும் எண்டு எங்கட ஆக்கள் ஆரும் சொல்லி நான் கேக்கல்ல. அப்ப குளிரறைக்குப் பொறுப்பா இருந்த லியோன் ஐயா சொல்லித்தான் கேட்டன்.

நான் ஆரையம்பதி. அப்பா வாவியில வலை போட்டவர். எனக்குத் தோணியில ஏறினா வயித்தைப் புரட்டும். மீன்பிடிகாரன்ட மகனுக்கு இதை விட வெக்கம் வேணுமா? அதால கரையில நிண்டு ஐஸ் உடைக்கப் போனன். ஐஸ் உடைச்சவனைப் பெட்டி தூக்க விட்டாங்க. பெட்டி தூக்கினவனைப் பிறீசருக்குள்ள விட்டாங்க. நான் வேலை பழகின கதை அவ்வளவுதான்.

பிறீசருக்குள்ள சைபருக்குக் கீழ பதினெட்டு. முதல் நாள் வேர்த்து வழிஞ்ச சேர்ட்டோட உள்ள கால் வச்சன். மூக்குக்குள்ள இருந்த மயிரெல்லாம் விறைச்சு முள்ளாக் குத்திச்சு. வாயைத் திறந்தா வெள்ளைப் புகை. கை மயிர் சிலிர்த்து, மழையில நனைஞ்ச கோழி மாதிரி நிண்டன். வெளிய வந்தவுடன கால் ரெண்டையும் ஒட்டிக்கொண்டு பின்பக்கம் ஓடப் பாத்தன். பொம்பிளையள் நிக்கிற இடத்தில லியோன் ஐயா கேட்டார், "என்னடா குணம், மூத்திரம் முட்டுதா?"

மானம் போச்சு. பொம்பிளையள் எல்லாம் இறாலை விட்டுப்போட்டுச் சிரிக்கிறாளுகள்.

லியோன் ஐயா பறங்கி மனுசன். தடிச்ச கண்ணாடி, கட்டைக் கால்சட்டை, இடுப்பில எப்பவும் ஒரு சாவிக் கொத்து. மெசினும் தெரியும், மனுச உடம்பும் தெரியும். ரெண்டையும் ஒரே மாதிரித்தான் பேசுவார். அண்டைக்கு அவர் சொன்னதை என்ட பாசையில சொல்லுறன்.

"உடம்பு ஒரு கஞ்சன்டா. குளிரைக் கண்டவுடன தோலுக்குப் போற குழாயெல்லாத்தையும் இறுக்கிப்போடும். ரத்தத்தை நெஞ்சுக்கும் வயித்துக்கும் இழுத்து வச்சுக்கொள்ளும். கையும் காலும் காதும் எக்கேடு கெட்டாலும் பரவாயில்ல, நெஞ்சும் மூளையும் தப்பினாப் போதும் எண்டுதான் அதுக்குக் கணக்கு. உள்ளுக்க ரத்தம் கூடினதும் சிறுநீரகம் ஏமாந்து போகும். தண்ணி கூடிப்போச்சு எண்டு நினைச்சுத் திறந்து விட்டிரும். சூட்டைப் பிடிக்கப் போய்த் தண்ணியை விட்டிரும் இந்த மொக்கு உடம்பு. வாயால போற புகையும் உன்ட தண்ணிதான். ஆனாத் தண்ணி விடாய் மட்டும் வராது. குளிர் முதல்ல களவெடுக்கிறது விடாயைத்தான். அதால, விடாய்க்குதோ இல்லையோ, குடிச்சுப்போட்டுத்தான் உள்ள போகணும்."

அதுக்குப் பிறகு அவர் வச்ச சட்டமெல்லாம் எனக்கு வேதம். ஈர உடுப்போட ஆரும் உள்ள போகப்படாது. சீனி போட்ட பிளேன்ரீ சுடச்சுட ஒரு கோப்பை குடிக்கணும். தனிய ஆரும் போகப்படாது, சோடியாத்தான் போகணும். உள்ள நிண்டு சத்தம் போட்டுக் கதைக்கப்படாது, வாயால சூடு போகும். வெளிய வந்தவுடன கையை நீட்டணும். ஐயா ஒவ்வொருத்தர்ட நகத்தையும் அமத்தி விடுவார். வெளிறின நகம் கெதியாச் சிவந்தாச் சரி. சுணங்கினா, "நீ இண்டைக்கு மறுகா உள்ள போகாத, வெயில்ல போய் இரி" எண்டுவார். பின்னேரம் குளிர்ச் சட்டையெல்லாம் அவரவர் கொளுக்கியில தொங்கணும். ஐயா கொளுக்கியளைக் கையால தடவிக்கொண்டு போய்த்தான் கதவைப் பூட்டுவார்.

பவளத்துட நகத்தை அவர் அமத்தக்குள்ள மட்டும் எனக்கு வயிறெரியும். கிழவனில எரிச்சல்பட்டு என்ன பிரயோசனம்? ஆனா எரியும்.

பவளம் கிரான் பக்கம். வயல்காரக் குடும்பம். ஆரையம்பதியில மாமி வீட்டில நிண்டு வேலைக்கு வந்தவள். கதை குறைவு, கள்ளச் சிரிப்புக் கூட. பிறீசருக்குள்ள தட்டு அடுக்கக்குள்ள அவள்ட வாய்ப்புகை என்ட வாய்ப்புகையில முட்டும். அதுவே எனக்கு அண்டு முழுக்கப் போதும். அவள்ட மனசில என்ன கிடக்குது எண்டு தெரியாது. கேக்கவும் பயம்.

என்ட அம்மாவுக்கு இந்த விசயம் மணந்திட்டு. எங்கட பக்கத்தில கலியாணம் முடிச்ச மாப்பிள்ளை பொம்பிளை வீட்டோடதானே போறது. "கிரானுக்குப் போகப் போறியா? மாட்டுக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது எண்டு தெரியுமா உனக்கு? வாவி மீன் திண்ட வாய்க்குக் குளத்து மீன் இறங்குமா? என்ட தம்பிட மகள் நாலு வீடு தள்ளி இரிக்கிறாள், கண்ணுக்கு முன்னால கிடப்பாய்" எண்டு ஒரே பிடி. நானும் அம்மாவை மீறுற ஆளில்ல. இந்தப் பிறப்பில பவளம் எனக்கில்ல எண்டு மனசை ஆத்திக்கொண்டு திரிஞ்சன்.

குளிர்த்திக்கு முதல் நாள் அது. கொம்பனியே அரைவாசி கோயிலுக்குள்ள நிண்ட மாதிரி. வேலை முடிய ஒரு பஸ்ஸில எல்லாரும் அப்படியே கோயிலுக்குப் போறது எண்டு பேச்சு. பொம்பிளையள் வேப்பங்குழையும் மஞ்சள் தண்ணிக் குடமும் கொண்டு வந்து சாப்பாட்டறை மூலையில வச்சிருந்தாங்க. எண்ணெய்ப் பிசுக்கில்லாத தலை, மஞ்சள் பூசின முகம். பவளமும் விடிய வெள்ளன முழுகிப்போட்டு, ஈரத் தலையை முடிஞ்சு துணிக்குள்ள மறைச்சுக்கொண்டு வந்திருக்கிறாள். நோன்பு. சோறில்ல, தண்ணியுமில்ல. லியோன் ஐயா "தேத்தண்ணி குடிச்சியா புள்ள?" எண்டு கேக்க, "ஓம் ஐயா" எண்டிட்டாள். அம்மனுக்காகச் சொன்ன பொய். சேர்ச்சுக்குப் போற வேதக்காரருக்கு எங்கட நோன்பு எங்க விளங்கப்போகுது எண்டு நினைச்சாளாம்.

மத்தியானத்துக்குப் பிறகு கடைசித் தட்டுகளை அடுக்க அவளும் சோடிக்காரியும் உள்ள போனாங்க. தட்டுவண்டியை வெளிய தள்ளிக்கொண்டு சோடிக்காரி வரவும் பஸ் கோன் அடிக்கவும் சரியா இருந்திச்சு. பின்னால பவளம் வாறாள் எண்டு நினைச்சு அவள் ஓட, கதவு தன்பாட்டில சாத்திக்கொண்டு போச்சு. உள்பக்கக் கைபிடியில ஐஸ் பிடிச்சு இறுகிக் கிடந்திருக்கு. பஸ்ஸில பவளம் முன்னுக்கு இரிக்கிறாள் எண்டு பின்னுக்கு நினைச்சாங்க. பின்னுக்கு நிக்கிறாள் எண்டு முன்னுக்கு நினைச்சாங்க.

பின்னேரம் லியோன் ஐயா கொளுக்கி தடவிக்கொண்டு வந்தார். பஸ்ஸில போகாம நான் பக்கத்தில நிலம் கழுவிக்கொண்டு நிண்டன். ஒரு கொளுக்கியில அவர்ட கை நிண்டிச்சு. சட்டை இல்ல. என்னைப் பாத்தார். ரெண்டு பேரும் ஓடினம்.

அவள் மூலையில சுருண்டு கிடந்தாள். குளிர்ச் சட்டை ஒரு பக்கம், கையுறை ஒரு பக்கம், பூட்ஸ் ஒரு பக்கம். கழட்டி எறிஞ்சிருக்கிறாள். தலைமுடி அவிழ்ந்து விறைச்சு, கயிறு மாதிரிக் கிடந்திச்சு. எனக்கு அதுதான் விளங்கல்ல. குளிரில சாகப் போற ஆள் ஏன் சட்டையைக் கழட்டணும்? பிறகுதான் ஐயா சொன்னார். கடைசியில அந்தக் கஞ்சன் களைச்சுப் போவானாம். இறுக்கிப் பிடிச்ச குழாயெல்லாம் கைவிட, உள்ள வச்சிருந்த சூட்டு ரத்தம் தோலுக்குப் பாயுமாம். உடம்பு பத்தி எரியிற மாதிரி இருக்குமாம். அந்த எரிவில ஆள் உடுப்பைக் கழட்டி எறியுமாம்.

அவள் நடுங்கல்ல. தொட்டுப் பாத்தன், பெட்டி இறால் மாதிரி இருந்தாள். கதவடியில நிண்ட காவல்காரர் எட்டிப் பாத்துப்போட்டு, "விறைச்சிட்டாள் ஐயா" எண்டார். ஆளைப் பாத்துச் சொன்னா எங்கட பாசையில அதுக்குச் செத்தாச்சு எண்டு ஒரே அர்த்தம்தான். அவர் றோட்டுக்கு ஓடிப் போய்ச் சாவெண்டு சொல்ல, கோயிலுக்குப் போன பஸ்ஸுக்கு ஆள் போயிட்டு. நான் அந்த ஐஸ் நிலத்தில இருந்து வாய் விட்டுக் கத்தி அழுதன். அம்மா செத்தாலும் அப்பிடி அழுதிருக்க மாட்டன்.

லியோன் ஐயா என்ட பிடரியில ஒண்டு போட்டார். தன்ட கண்ணாடியைக் கழட்டி அவள்ட மூக்கடியில பிடிச்சார். பிடிச்ச பிடியில நிண்டார். கண்ணாடியில ஒரு பொட்டு ஆவி படிஞ்சிச்சு.

"சூடாக்கிப் பாக்காம ஆரையும் செத்தாச்செண்டு சொல்லாத. தூக்கு. முட்டை தூக்குற மாதிரித் தூக்கு. குலுக்கினா நெஞ்சு நிண்டிரும்."

சாப்பாட்டறைக்குக் கொண்டு போய், சாப்பிட இருக்கிற நீள வாங்கில கிடத்தினம். அம்புலன்ஸ் கெதியா வர வழியில்லாத சண்டைக் காலம் அது. றோட்டில ஆமித் தடை, ஒவ்வொண்டிலயும் கேட்டுக் கேட்டுத்தான் வரும். கையைக் காலைத் தேய்க்கப் போனன், தட்டி விட்டார். "தேய்க்காத. காலில கிடக்கிற குளிர் ரத்தம் ஒரேயடியா நெஞ்சுக்குப் போனா முடிஞ்சுது. முதல்ல நடு உடம்பு. கை காலைப் பிறகு பாப்பம்." சமையல்காரன் சாராயம் கொண்டு வந்தான், அவனுக்கும் ஏச்சு. ஈரத்தைத் துடைச்சு, சாக்கு, போர்வை, கோயிலுக்குக் கொண்டு வந்த சீலை எல்லாத்தாலயும் சுத்தினம். போத்தல்ல சுடுதண்ணி அடைச்சு, துணி சுத்தி, அவள்ட கக்கத்துக்குள்ள வைக்க ஐயாட்டக் குடுத்துக்கொண்டிருந்தது நான். தண்ணி கொதிக்கும் மட்டும் அடுப்படியில நிண்டு அம்மனோட சண்டை பிடிச்சன். "தாயே, உனக்குக் குளிர்த்தி பாடத்தானே நோன்பிருந்தாள். நீ செய்யிற வேலையா இது?" எண்டு வாய் விட்டுக் கேட்டன்.

அந்த நேரம் பஸ் திரும்பி வந்திட்டு. ஒப்பாரியோட இறங்கி வாறாங்க. அவங்க வாசலுக்கு வரவும், பவளம் நடுங்கத் தொடங்கவும் ஒண்டாப் போச்சு.

லேசான நடுக்கமில்ல அது. வாங்கு கடகடவெண்டு ஆடுது. பல்லு அடிக்குது. விரிச்ச தலை இங்கிட்டும் அங்கிட்டும் உருளுது. வாயால ஏதோ முனகல். லியோன் ஐயா சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினார். "நடுங்குறாள்டா! உடம்பு திரும்ப அடுப்பு மூட்டுது! தசையெல்லாம் வேலை செய்யுது!"

வாசல்ல நிண்ட பாக்கியம் அக்கா கண்டது வேற. உரிக்கிற மேசைக்கு மூத்தவ அவ, ஆள் நல்ல பருமன், ஊர்ச் சடங்கெல்லாத்திலயும் முன்னுக்கு நிக்கிற மனுசி. எங்கட ஊரில நடுக்கத்துக்கு வேற என்ன அர்த்தம் இருக்குது? "ஐயோ, செத்தவளில தாய் உரு ஏறிட்டா! அம்மாளே! எரியுதாடி தாயே, எரியுதா?" எண்டு குளறிக்கொண்டு மூலையில கிடந்த மஞ்சள் தண்ணிக் குடத்தைத் தூக்கிட்டா. உரு ஏறின உடம்பில தண்ணி வார்த்துக் குளிரப் பண்ணுறதுதானே முறை. அந்தக் குடத்துத் தண்ணி பவளத்துட தலையில விழுந்திருந்தா, அதோட கதை முடிஞ்சுது.

நான் யோசிக்கல்ல. பாஞ்சு போய்க் குடத்தைத் தட்டி விட்டன். அம்மனுக்கு எண்டு வச்ச தண்ணி நிலமெல்லாம் ஓடிச்சு. எல்லாரும் "ஐயையோ!" எண்டு நெஞ்சில அடிக்கிறாங்க. "உன்ட குடும்பம் விளங்குமாடா பாவி?" எண்டு பாக்கியம் அக்கா என்ட சேர்ட்டைப் பிடிச்சிட்டா. ரெண்டாவது குடத்தில ஆரோ கை வைக்கிறாங்க. நான் வாங்குக்கு முன்னால ரெண்டு கையையும் விரிச்சு நிண்டு, "என்னை வெட்டிப்போட்டு வாருங்க" எண்டு கத்தினன். அவள் எனக்கு ஆரு எண்டு கேட்டிருந்தா, சொல்ல என்னட்ட ஒரு முறையும் இல்ல.

லியோன் ஐயாதான் ஒரு சூழ்ச்சி செய்தார். "பாக்கியம், தாய்க்கு இண்டைக்குத் தண்ணி வேணாமாம். பிள்ளையள்ட சூடு வேணுமாம். நீ போர்வைக்குள்ள போய்க் கட்டிப் பிடிச்சுக்கொண்டு கிட. மற்றாக்கள் சுத்தி நில்லுங்க, காத்துப் பிடிக்கப்படாது" எண்டார். வேதக்காரர் சொல்லுறாரே எண்டு கூட யோசிக்கல்ல. அக்கா செருப்பைக் கழட்டிப்போட்டுப் போர்வைக்குள்ள பூந்திட்டா. அவட உடம்பு நல்ல அடுப்பு. அழுதுகொண்டே பவளத்தை நெஞ்சோட அணைச்சு வச்சிருந்தா. நான் இண்டு வரைக்கும் அந்த மனுசியைக் கும்பிடுறன்.

நடுக்கம் மெல்ல மெல்ல அடங்கிச்சு. உதட்டுக்கு நிறம் வந்திச்சு. ஐயா அவள்ட நகத்தை அமத்திப் பாத்து, "கரண்டி கரண்டியாத் தேத்தண்ணி குடு" எண்டார். பாக்கியம் அக்கா குடுத்தா. குடுத்துப்போட்டுக் காதுக்குள்ள கெஞ்சினா. "தாயே, வந்தனி சும்மா போகாத. ஒரு வாக்குச் சொல்லிப்போட்டுப் போ."

பவளம் கண்ணைத் திறந்தாள். எல்லாரையும் பாத்தாள். பிறகு என்னைப் பாத்தாள், நல்லாப் பாத்தாள். குழறின நாக்கால, ஆனா எல்லாருக்கும் கேக்கத்தக்கதாச் சொன்னாள்.

"இவர் என்னைக் குளிராம வச்சிருப்பார்."

சொல்லிப்போட்டுக் கண்ணை மூடிட்டாள். பாக்கியம் அக்கா போர்வைக்குள்ள கிடந்தபடியே என்னைப் பாத்துக் கும்பிட்டா. சற்று முந்தி என்ட குடும்பத்துக்குச் சாபம் போட்ட வாய்.

ஆஸ்பத்திரியில கொஞ்ச நாள் கிடந்து எழும்பி வந்தாள். செத்தாச்செண்டு செய்தி வந்தா ஆயுசு கெட்டி எண்டு சொல்லி ஊரே போய்ப் பாத்திச்சு. அதுக்கு முதலே வாக்குப் போய் எங்கட வீட்டுக் கதவைத் தட்டிட்டு. அம்மா ஒரு நேரம் சாப்பிடாம இருந்துபோட்டு, "அம்மன்ட வாக்குக்கு மேல கதைக்க நான் ஆரு? கிரானுக்குப் போ. மாடு முட்டினா என்னட்ட வராத" எண்டா. இதுக்குப் பேர்தான் எங்கட கலியாணப் பேச்சு.

லியோன் ஐயா கலியாணத்துக்கு வந்தவர். சாப்பிட்டுக் கை கழுவக்குள்ள என்ட காதுக்குள்ள, "அது குளிர்ப் பினாத்தல்டா குணம். மூளைக்குச் சூடு குறைஞ்சா வெறிகாரன் மாதிரித்தான் வாய் உளறும். தகப்பன் எண்டு நினைச்சுக்கூடச் சொல்லியிருப்பாள்" எண்டு சொல்லிச் சிரிச்சார். பாக்கியம் அக்கா சாகுமட்டும் அது அம்மன்தான் எண்டு சத்தியம் பண்ணினா. எனக்கு வேணுமா இருந்தது மூண்டாவது பதில். அறிவோட, தன்ட வாயால, பவளம் சொன்னாள் எண்ட பதில்.

கேக்காத நாளில்ல. புதுசில ஆசையாக் கேட்டன். பிள்ளையள் பிறந்த பிறகு பகிடியாக் கேட்டன். சண்டை பிடிச்சாக் குத்திக் கேட்டன். "அண்டைக்குப் பேசினது ஆரு? நீயா, அம்மனா, குளிரா?" ஒவ்வொரு தரமும் அந்தக் கள்ளச் சிரிப்பு. "ஆராயிருந்தா உங்களுக்கென்ன, பொம்பிளை கிடைச்சுதுதானே" எண்டுவாள். அந்தக் குளிருக்குப் பிறகு அவள்ட விரல் நுனியும் கால் விரலும் ஒரு நாளும் பழைய மாதிரி வரல்ல. மார்கழி மழைக்கே வெளிறிப் போகும். இரவில கட்டிலுக்கு வந்தவுடன ரெண்டு காலையும் என்ட கெண்டைக்காலோட ஒட்டி வைப்பாள். நான் பதறி எழும்ப, "வாக்கு, வாக்கு" எண்டுவாள்.

இப்ப கட்டில்ல அந்தப் பக்கம் வெக்கையாக் கிடக்குது. ஒரு குளிர்ந்த கால் வந்து படாதா எண்டு ஏங்கிக்கொண்டு கிடக்கிறன்.

போன வருசத்துக்கு முதல் வருசம் நெஞ்சில தண்ணி கட்டிட்டு எண்டு ஆஸ்பத்திரியில படுத்தாள். வெளிய நல்ல வெயில், வாட்டில எல்லாரும் விசிறிக்கொண்டு கிடக்கிறாங்க. "இஞ்சாருங்க, குளிருது" எண்டாள். காலைத் தொட்டுப் பாத்தன். நகத்தை அமத்தினன். வெளிறின நகம் சிவக்கல்ல. அந்தக் கஞ்சன் திரும்பவும் குழாயெல்லாத்தையும் பூட்டிக்கொண்டு நெஞ்சுக்கு ஒதுங்குறான் எண்டு எனக்கு விளங்கிச்சு. டொக்டர் ஒண்டும் சொல்லத் தேவையிருக்கல்ல. என்ட வேலையே அதுதானே, வாழ்நாள் முழுக்க.

எனக்கு அழுகை வந்திச்சு. ஆனா கேள்விதான் வாயில வந்திச்சு. "பவளம், இண்டைக்காவது சொல்லன். அண்டைக்குப் பேசினது ஆரு?"

கண்ணைத் திறந்து பாத்தாள். நல்லாப் பாத்தாள். அந்தச் சிரிப்பு வந்திச்சு.

"முதல்ல காலை மூடுங்க. மறுகா சொல்லுறன்."

மூடினன். ரெண்டு பக்கமும் போர்வையைச் செருகி, பாதத்தைக் கைக்குள்ள வச்சுக்கொண்டு காத்திருந்தன். அவள் சொல்லல்ல.